‘நான் இன்னும் போதுமான அளவு கஷ்டப்படவில்லையா?’

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலே எழுதியிருப்பது ஒன்று: “வலியில்தான் படைப்பு பிறக்கிறது, வறுமையில்தான் விஞ்ஞானி உருவாகிறான் என்கிறார்களே, இது அறிவியல்படி உண்மையா?” ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டது அதற்குக் கீழே இருக்கிறது. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் நாலு வருஷம். காலை ஆறரைக்குக் கம்பெனி வண்டி. ராத்திரி எட்டுக்கு மேல் தொலைநிலைக் கல்வியின் எம்.எஸ்சி. புத்தகம், பத்து நிமிஷத்தில் தூக்கம். வீட்டில் சர்க்கரையால் கால் மரத்துப்போன அம்மா. “இவ்வளவு இருந்தும் என்னிடமிருந்து உருப்படியாக ஒரு யோசனைகூட வரவில்லை. நான் இன்னும் போதுமான அளவு கஷ்டப்படவில்லையா?” என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் விஞ்ஞானி இல்லை, மனோதத்துவமும் படித்ததில்லை. பிசியோதெரபிஸ்ட். வேலூரும் திருவண்ணாமலையும் சேர்ந்து வடஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்து, 31 வருஷம் தொழுநோயால் உணர்ச்சி போன கைகளையும் கால்களையும் பார்த்து ஓய்வுபெற்றவன். படைப்பாற்றலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. வலியைப் பற்றி, குறிப்பாக வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி, கொஞ்சம் பேசலாம். உங்கள் கேள்வி அங்கே வந்து முட்டுகிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழிலில் வலி என்று பேச்செடுத்தால் டாக்டர் பால் பிராண்டைத் தாண்டிப் போக முடியாது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படிப்பதற்கு முன்னால் சில ஆண்டுகள் கட்டட வேலை பழகியவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அதன் பிறகு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன இடத்தில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அந்த மனிதர் பிடித்த பிடியில் டாக்டருக்கு உயிர் போனது. பிடித்தவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை. செத்த கை என்று ஊரே ஒதுக்கிய கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

முழங்கையின் உட்பக்கம், இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த இடத்தில் ஓடும் நரம்பைத்தான் இந்த நோய் அதிகம் கெடுக்கிறது. கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் மாட்டிக்கொள்கின்றன, ஆழத்தில் ஓடுபவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அதனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் போனாலும் முன்கையின் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கும். நன்றாக இருக்கும் தசை ஒன்றின் நாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாரை, திருப்பி, செயலிழந்த விரலுக்குக் கட்டிவிட்டால்? 1948 வாக்கில் வேலூரில் அந்த அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின.

ஆனால் அப்படி அறுவைச் சிகிச்சையால் விரல் நிமிர்ந்த கைகள் திரும்பத் திரும்பப் புண்ணாகிக்கொண்டே இருந்தன. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க டாக்டர் திணறிக்கொண்டிருந்தபோது, தொழுநோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள், மருத்துவர்களும்தான். அப்படி இல்லை. அந்தச் சதை மற்றவர்கள் சதையைப் போலவே ஆறுகிறது. உணர்ச்சி இல்லாத கை அளவுக்கு மீறி அழுத்துகிறது, சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் தொடர்ந்து வேலை செய்கிறது, அப்படியே தேய்ந்து கரைகிறது. இது உறுதியானது. மாவுக்கட்டுப் போட்டு அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் வருஷக்கணக்கான கால் புண் ஆறுவதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இங்கே உங்களுக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீங்களும் நானும் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வேலூர்க் கோட்டை வரை நடந்தால், ஆரம்பத்தில் நடந்த மாதிரி கடைசியில் நடக்க மாட்டோம். குதிகால் நோகத் தொடங்கும்போதே, நமக்கே தெரியாமல், எடை கொஞ்சம் வெளிப்பக்கம் போகும். அப்புறம் முன்பாதத்துக்கு வரும். மரத்த கால் அப்படி மாற்றிக்கொள்வதில்லை. முதல் அடியை எந்த இடத்தில் ஊன்றியதோ, ஆயிரமாவது அடியையும் அதே இடத்தில் ஊன்றும். ஒவ்வொரு அடியும் சாதாரண அடிதான், ஒன்றும் பலமான அடி இல்லை. ஒரே இடத்தில், இடைவெளி இல்லாமல் விழுவதுதான் புண்ணாக்குகிறது.

இன்னொன்று, காய்ப்பு. விட்டு விட்டு உரசல் படும் தோல் தடிக்கும், அது பாதுகாப்பு. “கஷ்டம் மனுஷனை உரமாக்கும்” என்பவர்கள் மனசில் வைத்திருப்பது இந்தக் காய்ப்பைத்தான். ஆனால் மரத்த காலில், ஓய்வே இல்லாத இடத்தில், காய்ப்பு ஏறிக்கொண்டே போய் அதுவே செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி உள்ளே அழுத்தும். மேலே பார்த்தால் கெட்டியாக, மஞ்சளாக, ஆரோக்கியம் மாதிரி இருக்கும். பிளேடால் மெதுவாகச் சீவிக்கொண்டே போனால் அடியில் புண். புதிதாக வரும் பிசியோ பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். டீ டம்ளரைப் பிடித்து விரலெல்லாம் கொப்புளமாக ஒருவர் மூன்றாவது தடவையாக வந்தார். “கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா?” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. “எதை வெச்சு சார் கவனமா இருக்கறது?” என்று கேட்டார். அவரிடம் தகவலே இல்லை. தகவல் இல்லாதவரிடம் ஒழுக்கத்தைப் போதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே டம்ளருக்குத் துணி உறை தைத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஆறு மாசம் கழித்துத்தான் தோன்றியது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. பிராண்ட் அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அவரும் பொறியாளர்களும் சேர்ந்து செயற்கை வலி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். கையுறையிலும் காலுறையிலும் நுண்ணிய உணரிகள், அழுத்தம் கூடினால் காதில் சத்தம். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. சத்தத்துக்குப் பதிலாக மின் அதிர்ச்சி வைத்தார்கள். அப்போது என்ன நடந்தது தெரியுமா? ஒரு வேலையை எப்படியும் முடித்தாக வேண்டும் என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு முடித்தார்கள், பிறகு மறுபடி போட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இதை நான் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியபோதெல்லாம் தொழில்நுட்பத் தோல்வி என்றே சொல்லிவந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வலி எச்சரிக்கிறது, சரி. ஆனால் வேலையை நிறுத்த வழியில்லாதவன் எச்சரிக்கையைத்தான் நிறுத்துவான். ஷிப்ட் முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்ததும் தூங்கிப்போகிறேன் என்கிறீர்களே, அது சோம்பேறித்தனம் என்று எனக்குப் படவில்லை.

குடியாத்தத்துக் கைத்தறி நெசவாளர் ஒருவரைச் சொல்ல வேண்டும். வலது கை விரல்கள் மடங்கி, தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாவைப் பிடிக்க முடியாமல் போய், தறியை விட்டுக் கூலிக்குப் போனவர். அவருக்கு மணிக்கட்டைத் தூக்கும் தசை ஒன்றின் நாணை நீட்டி விரல்களுக்குத் திருப்பினார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் என் மேஜைக்கு வந்தார். இந்தக் கட்டத்தில்தான் வேடிக்கை. அந்தத் தசைக்கு வேலை மாறிவிட்டது, மூளைக்கு அது தெரியாது. “விரலை மடக்காதீங்க, மணிக்கட்டைத் தூக்குறதா நினைச்சுக்குங்க” என்பேன். நினைப்பார், மணிக்கட்டு மட்டும் எழும். மெழுகு ஒத்தடம் கொடுத்து, மறுபடி. நாலு நாள். “விரல் என் பேச்சைக் கேக்கல சார்” என்றார்.

ஐந்தாம் நாள் நான் வேறொரு நோயாளியிடம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், மேஜையில் கிடந்த கட்டுத்துணியிலிருந்து இரண்டு நூலை உருவி, அறுந்த பாவு இழைக்குப் போடும் முடிச்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நூலைப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் அடிமூட்டில் அழகாக மடங்கி விலகி நின்றன. நான் கற்பித்த எதிலும் அது இல்லை. அவரே கண்டுபிடித்தார். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன், பேசினால் கலைந்துவிடும் என்று. மூன்று முடிச்சு போட்டார்.

அவரைப் படைப்பாளி என்று நான் சொல்வேன். அது எங்கிருந்து வந்தது? நோய் அவருக்கு எட்டு வருஷமாக இருந்தது. அந்த எட்டு வருஷத்தில் வராதது ஐந்தே நாளில் வந்தது. அந்த ஐந்து நாள் சாப்பாடு மருத்துவமனையில். கூலிக்குப் போக வேண்டாம். யாரும் பார்க்கவில்லை, தப்பு செய்தால் கேட்பாரில்லை. கையில் அவருக்குப் பழகிய பொருள், தீர்ந்தாக வேண்டிய ஒரு சிக்கல். கஷ்டம் அவருக்குச் சிக்கலைக் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. தீர்வைக் கொடுத்தது அந்த வெறும் மேஜையும் ஆள் இல்லாத கால் மணி நேரமும்.

இதே மாதிரிதான் டாக்டர் மேரி வர்கீஸ் கதையும் எனக்குப் படுகிறது. சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954-ல் சாலை விபத்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகு சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார், வேலூரில் அந்தத் துறையையே நிறுவினார், 1972-ல் பத்மஸ்ரீ. மேடையில் இதைச் சொல்பவர்கள் மன உறுதி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உறுதி இருந்தது, சந்தேகமில்லை. கூடவே, கை அறுவைச் சிகிச்சை உட்கார்ந்தே செய்யக்கூடியது, அதைச் செய்யலாமே என்று யோசித்துச் சொல்ல பிராண்ட் மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தார். நாற்காலி போகிற அளவுக்குக் கதவு இருந்தது. அதே காலத்தில் முதுகுத்தண்டு முறிந்து கிராமத்தில் படுக்கைப் புண்ணோடு கிடந்தவர்களுக்கு மன உறுதி இல்லாமல் போகவில்லை.

ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த விஷயத்தில் எல்லோரும் இழுக்கும் பெயர் அதுதான். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை, அதுவும் தெரியும். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷம், கணக்கு மட்டும் போடு என்று கொடுத்ததை எத்தனை பேர் சொல்கிறார்கள்? வறுமை அவருக்குக் கணிதத்தைக் கொடுத்திருந்தால் 75 ரூபாய் வந்ததும் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. உடம்பு கெட்டு 32 வயதில், 1920-ல் போய்விட்டார். நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். வாணியம்பாடிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும், காரணமில்லாமல் ஒரு சந்தோஷம்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும் அல்லவா? மரத்த கால், ஓய்வு, காய்ப்பு, புண் பற்றிச் சொன்னவை உறுதி. அதை வாழ்க்கைக்கு நீட்டுவது நான் செய்யும் உவமை, நிரூபணம் இல்லை. கஷ்டப்பட்டவர்களிடம் படைப்பு அதிகம் வருகிறதா என்பது அதைவிடச் சந்தேகமானது, ஏனென்றால் நமக்குத் தெரிவது வந்து சேர்ந்தவர்கள் கதை மட்டும். பாதியில் விழுந்தவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை, அதனால் கணக்கு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பிராண்ட் வலியை ஒரு வரம் என்றே சொல்லிவந்தார். உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்படித்தான் சொல்வேன். வேலை, சம்பளம், வீட்டுக் கடன் என்று வரும் வலிக்கு அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போக எனக்கு நா வரவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் கஷ்டப்பட்டது குறைவில்லை. காலை மாற்றி வைக்க இடமில்லாமல் ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் கஷ்டம் கூட்டினால் யோசனை வரும் என்று நினைத்து ராத்திரி பத்து மணியைப் பன்னிரண்டாக்காதீர்கள். முடிந்தால் வாரத்தில் ஒரு பகல், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும், துணி துவைக்காமல், அம்மாவுக்குச் சமைக்காமல், வீட்டில் வேறு யாரிடமாவது அதை விட்டுவிட்டு, பாடத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். அது கிடைப்பதே பெரிய சண்டை என்று தெரியும். பெண் பிள்ளைக்கு ஞாயிறு காலை கிடைப்பது எங்கள் காலத்திலும் கஷ்டம்தான், இப்போதும் மாறிவிட்டதாகத் தெரியவில்லை. எம்.எஸ்சி.யை ஒரு வருஷம் தள்ளி முடித்தாலும் குடி முழுகாது.

கம்பெனியிலேயே ஆராய்ச்சி செய்யுங்கள் என்று உற்சாகமூட்டும் வேலையை நான் செய்யப்போவதில்லை, டார்கெட் ஓடும்போது அது நடக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் சோல் எவ்வளவு கெட்டி என்று ஊசி முனையை அழுத்திப் பார்க்கும் கடிகாரம் மாதிரி ஒரு கருவி இருக்கும், ஷோர் அளவு காட்டும். மரத்த காலுக்குச் செருப்பு செய்யும்போது நாங்களும் அதையே பார்ப்போம். எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர், ஷோர் 15 வாக்கில். அதைவிட மிருதுவாக இருந்தால் நசுங்கிவிடும், கெட்டியாக இருந்தால் கால் நசுங்கும். அடியில் தேயாத கெட்டி ரப்பர், எங்கேயும் ஆணி கூடாது, தையலும் பசையும்தான். டாக்டர், தோல் வேலைக்காரர், ரப்பர் தெரிந்தவர் என்று பலர் கூடிச் செய்தது அது. வேதியியல் படித்து, ஷூ தைக்கவும் தெரிந்த ஆள் ஒருவர்கூட எங்கள் பட்டறைக்கு 31 வருஷத்தில் வந்ததில்லை. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, எம்.எஸ்சி. முடிகிற சமயத்தில் அங்கே என்னென்ன வழி திறக்கிறது என்று விசாரியுங்கள். எனக்கு அந்தப் பக்கத்து நடைமுறை பழக்கமில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. அம்மாவுக்குக் கால் மரத்திருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். சர்க்கரையால் மரத்த காலும் தொழுநோயால் மரத்த காலும் புண்ணாவது ஒரே விதமாகத்தான். வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். செருப்பைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் உங்கள் புறங்கையால் ஒரு காலைத் தொட்டு, மற்ற காலில் அதே இடத்தைத் தொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால், புண் எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அம்மா அந்தக் காலில் நடக்காமல் இருக்கட்டும், மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் அம்மா.